சமணமலை அடிவாரத்தில் ஒரு சைக்கிள் பாதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரைச் சாலைகளில் நடந்து செல்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் படும் பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர்கள் அடிக்கடி எழுதி வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நகருக்குள் இருக்கும் சாலைகளைப் பற்றியவை. நான் எழுத விரும்புவது நகரின் மேற்கு விளிம்பில், சமணமலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி, முத்துப்பட்டி, வடிவேல்கரை ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் கிராமச் சாலைகளைப் பற்றி. குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும் குடும்பமாகச் சேர்ந்து, பயமில்லாமல் சைக்கிளில் சுற்றிவரக்கூடிய பாதையாக இச்சாலைகளை மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அறுபத்தாறு ஆண்டு வாழ்வின் பெரும்பகுதியை இந்த மலைக்குப் பக்கத்திலேயே கழித்த எனக்கு இப்படியோர் எண்ணம் இங்கிருந்தபோது தோன்றவில்லை. கடந்த ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கம்ப்ரே என்னும் சிறு தீவைப் பதினேழு பேர் கொண்ட குழுவாகச் சைக்கிளில் சுற்றிவந்த ஒரே நாளில் தோன்றியது. அந்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால்தான் என் கோரிக்கை எத்தனை எளியது என்பது விளங்கும் என்பதால், நீண்ட கடிதத்துக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். திருப்பரங்குன்றத்தை ஒட்டி மில் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டியில் பிறந்து வளர்ந்த நான், பணி ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே வசிக்கிறேன். மில் சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி தொங்க, வரிசை வரிசையாகத் தொழிலாளர்கள் சைக்கிளில் மதுரையை நோக்கிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆண்டுதோறும் வரி கட்டி வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்டிய காலம் அது. விளக்கு இல்லாமல் இரவில் போனாலும், பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ‘டபுள்ஸ்’ போனாலும் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். சைக்கிளுக்கு வரியும் உண்டு, சட்டமும் உண்டு, ஆகவே சாலையில் அதற்கு ஓர் இடமும் உண்டு என்றிருந்தது. மணிக்கணக்குக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நாங்கள், பள்ளி விடுமுறையில் சமணமலைக்குப் போய்க் கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் இளைப்பாறித் திரும்புவோம். எந்த வீட்டிலும் அதற்காகப் பயந்ததில்லை.

கிளாஸ்கோ நகரில் வசிக்கும் என் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சனிக்கிழமை இந்தத் தீவுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தன. திருநெல்வேலிக்காரர்கள் இரண்டு குடும்பம், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, எங்கள் வீட்டார் ஐவர், மருமகனோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் மூவர் எனப் பதினேழு பேர். மிகச் சிறியவனுக்கு ஐந்து வயது, மிக மூத்தவன் நான். கிளாஸ்கோ மத்திய நிலையத்தில் காலை ரயிலேறினோம். சொந்தச் சைக்கிளோடு வந்த இளைஞர்கள் இருவரும் அதைப் பெட்டிக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்து, அதற்கென ஒதுக்கியிருந்த இடத்தில் நிறுத்தினார்கள். கட்டணம் இல்லை. பார்சல் அலுவலகம் இல்லை. ரயில் புறப்பட்டுப் பத்து நிமிடங்களுக்குள் பெய்ஸ்லி என்ற ஊரில் நின்றது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். 1892இல் மதுரையில் மில்லைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1974இல் அந்த மில்லோடு இணைந்து மதுரா கோட்ஸ் என்ற பெயருக்குக் காரணமான கோட்ஸ் நூல் நிறுவனம் பிறந்து வளர்ந்த ஊர் இந்தப் பெய்ஸ்லி. என் தந்தை ஆயுள் முழுவதும் எந்த ஊரின் பெயரைச் சொல்லச் சொல்லக் கேட்டு உழைத்தாரோ, அந்த ஊரின் வழியாக, அவர் தினமும் மிதித்த அதே சைக்கிளை நம்பி நான் ஒரு பொழுதுபோக்குப் பயணம் போகிறேன் என்ற நினைவு அன்று முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஒரு மணி நேரப் பயணத்தில் லார்க்ஸ் என்ற கடற்கரை ஊர் வந்தது. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் படகுத்துறை. கார்களும் பேருந்தும் ஏறும் அகன்ற படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் தீவு வந்துவிடுகிறது. இங்கும் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அந்தப் படகை இயக்கும் கலிடோனியன் மெக்பிரெய்ன் நிறுவனம் ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தமானது. ரயிலை இயக்கும் ஸ்காட்ரெயிலும் 2022 ஏப்ரல் முதல் அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆகவே, சைக்கிளைச் சுமையாகக் கருதாமல் பயணியின் கைப்பொருளாகக் கருதி ஏற்றிக்கொள்வது அங்கே ஏதோ ஒரு தனியார் முதலாளியின் தாராள மனத்தால் நடப்பது அன்று. பொதுப் போக்குவரத்தின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. நம்முடைய ரயிலும் அரசுடையது, பெரும்பாலான பேருந்துகளும் அரசுடையவை.

படகு வந்து சேரும் நேரத்துக்குத் தீவின் பேருந்து துறையில் காத்திருந்தது. இளைஞர்கள் சைக்கிளில் முன்னே போக, மற்றவர்கள் பேருந்தில் மில்போர்ட்டுக்குச் சென்றோம். தீவின் தென்முனையில், பிறை வடிவ விரிகுடாவை ஒட்டி இருக்கும் அந்தச் சிற்றூர்தான் தீவிலுள்ள ஒரே ஊர். தீவு முழுவதும் சேர்த்து மக்கள்தொகை ஏறத்தாழ 1,300தான். ஆனால் அங்கே சைக்கிள் வாடகைக் கடை உண்டு. குழந்தைகளுக்கான சைக்கிள், பின்னால் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கை, இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள், நிலை தடுமாறுபவர்களுக்கு மூன்று சக்கரச் சைக்கிள் என எல்லா வயதினருக்கும் ஒன்று இருந்தது. கடைக்காரர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, பிரேக்கை அழுத்திப் பார்க்கச் சொல்லி, தலைக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டி அனுப்பினார். நேரத்தை நோட்டில் குறித்துவிட்டு வண்டியைத் தள்ளிவிடும் பழைய வாடகைக் கடைகளையே அறிந்த எனக்கு இது புதிதாக இருந்தது.

தீவைச் சுற்றும் சாலையின் நீளம் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். கடலையொட்டிய சாலை என்றால் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். ஏறக்குறைய முழுவதும் சமதளமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பனியூழிக் காலத்தில் ஸ்காட்லாந்தின்மீது படிந்திருந்த பனிப்பாளத்தின் எடை நீங்கிய பிறகு நிலம் மெல்ல மேலெழுந்தது. அப்போது பழைய கடற்கரையும் உயர்ந்து, இன்றைய கரைக்குச் சற்று மேலே ஒரு திண்ணையைப் போல நின்றுவிட்டது. அந்தத் திண்ணையின்மீதுதான் சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முன்னொரு காலத்தில் அலையடித்த பாறைச்சுவர்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்வி எழுந்தபோது, என் மனைவி சற்றும் யோசிக்காமல், “வலமாகத்தான் போக வேண்டும்” என்றார். கிரிவலம் போகிறவர்களின் வழக்கம் அது. ஆனால் அதில் ஒரு நடைமுறை நன்மையும் இருந்ததைப் பிறகு உணர்ந்தேன். அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கத்தில்தான் செல்ல வேண்டும். தீவு வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றினால், நாம் போகும் ஓரம் கடலோரமாக அமைந்துவிடுகிறது. மேற்குக் கரை நெடுகத் தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. எதிரே பியூட் தீவும், அதற்கு அப்பால் மேகம் மூடிய ஆர்ரன் தீவின் மலைகளும் எங்களோடு கூடவே வந்தன.

இனி நான் சொல்லப்போவதுதான் இக்கடிதத்தின் முக்கியமான செய்தி. அந்தச் சாலை சைக்கிளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டதன்று. எண்ணிட்ட பொதுச்சாலை, பேருந்து ஓடுகிறது, கார் ஓடுகிறது, பண்ணைகளின் டிராக்டர் ஓடுகிறது. ஓரிடத்தில் என் ஏழு வயதுப் பேரன் முன்னால் கோணல்மாணலாக மிதித்துக்கொண்டு போக, அவனுக்குப் பின்னால் என் மனைவியும், அவருக்குப் பின்னால் நானும் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வளைவு. எனக்குப் பின்னால் ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. நம் ஊர்ப் பழக்கத்தில் என் தோள்கள் தாமாக ஒடுங்கின. ஹாரன் ஒலிக்கும், ஒதுங்க வேண்டும், பேரனுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று மனம் பதறியது. ஹாரன் ஒலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு மூன்று கார் நீளம் தள்ளி, எங்கள் வேகத்துக்கே அந்தக் கார் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வளைவு முடிந்தது, எதிரே இன்னொரு சைக்கிள் கூட்டம் வந்தது, அதுவும் கடந்தது. அதுவரை அந்தக் கார் பொறுத்திருந்தது. பிறகு சாலையின் மறுபாதி முழுவதையும் எடுத்துக்கொண்டு, எங்களிடமிருந்து ஓர் ஆள் உயரத்துக்குமேல் விலகி முன்னே சென்றது. ஓட்டியவர் வயதான பெண்மணி. கடக்கும்போது கையை உயர்த்திவிட்டுப் போனார். தான் ஒரு காரைக் காக்க வைத்தோம் என்பதே என் பேரனுக்குத் தெரியாது. நான் சாலையோரம் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

அந்தப் பெண்மணியின் நல்ல குணம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் எண்ணவில்லை. பிரிட்டனின் சாலை விதிநூல் 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளைக் கடக்கும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்றும் தெளிவாக எழுதப்பட்டது. எழுதிவைத்த விதி, அதைப் பழக்கமாக்கிக்கொண்ட ஓட்டுநர், தீவுக்குக் காரைக் கொண்டுவரப் படகுக் கட்டணம் தர வேண்டியிருப்பதால் குறைந்துபோன கார்களின் எண்ணிக்கை, எல்லாம் சேர்ந்துதான் ஐந்து வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாலையைத் திறந்துவிட்டிருக்கின்றன. தனிப்பாதை போடவில்லை, கோடிக்கணக்கில் செலவிடவில்லை.

என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் நான் புதுக்கோட்டையில் பணியில் இருந்தேன். அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீச்சோடு நடந்த காலம் அது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காட்டிய ஊக்கத்தால், எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அறிவொளித் தொண்டராக இருந்த என் மனைவியும் தம் இருபத்தேழாம் வயதில் அப்போதுதான் கற்றார். கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைக்குப் போகும் பெண்களும் தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மதுரைக்கு மாற்றலாகி வந்த பிறகும் சில ஆண்டுகள் அவர் சைக்கிளில்தான் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தார். ஒரு நாள் மாலை, ஒரு சந்திப்பில் ஒரு பேருந்து உரசிக்கொண்டு போனதில் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பேருந்து நிற்கவில்லை. கூடியிருந்தவர்கள், “இந்தச் சாலையில் பொம்பளைக்குச் சைக்கிள் எதற்கு?” என்றுதான் கேட்டார்களாம். அன்றோடு விட்டவர், கம்ப்ரே தீவில்தான் மீண்டும் ஏறினார். முதலில் மூன்று சக்கரச் சைக்கிளைக் கேட்டவர், கடைவாசலில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்த பிறகு, இரண்டு சக்கரமே போதும் என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்து அம்மையார், “அக்கா, உங்களுக்குப் பின்னாலதான் நான் வாறன்” என்று சொல்லி அவரையே வழிகாட்டியாக்கிக்கொண்டார். புதுக்கோட்டையில் கற்றது கைவிட்டுப் போயிருக்கவில்லை. அவரிடமிருந்து பறிபோயிருந்தது சாலைதான்.

மேற்குக் கரையின் நடுவில் ஃபின்ட்ரி விரிகுடாவில் புளியோதரையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். சாப்பிட்ட இடத்தில் ஒரு காகிதம்கூட விடாமல் எல்லாவற்றையும் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வந்தோம். வந்திருந்த மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். வடமுனையைக் கடந்து கிழக்குக் கரையில் திரும்பியபோது, நீரில் பாதி மூழ்கிய பாறைகளின்மேல் கடல்நாய்கள் படுத்திருந்ததைப் பார்த்துக் குழந்தைகள் வெகுநேரம் நகர மறுத்தார்கள். சிங்கம் படுத்திருப்பதுபோல் தோன்றும் எரிமலைப் பாறை ஒன்றும், ஊருக்குள் முதலையின் வாயைப் போல வண்ணம் தீட்டிய பாறை ஒன்றும் அவர்களுக்குப் போதுமான அதிசயங்களாக இருந்தன. பெரியவர்கள் சிலர், 1851இல் கட்டி முடிக்கப்பட்ட, பிரிட்டனிலேயே மிகச் சிறியது என்று சொல்லப்படும் பேராலயத்தைப் பார்க்கப் போனார்கள். இடையில் ஒரு சங்கிலி கழன்றதையும் ஒரு முழங்கால் சிராய்ப்பையும் தவிர வேறு இடையூறு இல்லை. நின்று நின்று போனதில் சுற்றி முடிக்க மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. மாலை ரயிலில் அனைவரும் கிளாஸ்கோ திரும்பினோம். காற்றடைத்த டயரை 1888இல் காப்புரிமை பெற்று உலகுக்குத் தந்த ஜான் பாய்ட் டன்லப் 1840இல் பிறந்த டிரெகார்ன் என்ற சிற்றூரும், இந்தத் தீவும் இன்று ஒரே மாவட்ட ஆட்சிக்குள், வட அயர்ஷயரில் இருக்கின்றன என்று மருமகன் திரும்பும் வழியில் சொன்னார். டன்லப் என்ற பெயர் அச்சிட்ட டயரை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அது ஓர் உறவுச் செய்தியாகவே பட்டது.

இனி சமணமலைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் கடலையும் குளிரையும் இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் தேவையில்லை. சுற்றிப் பார்ப்பதற்கு நம்மிடம் இருப்பது அந்தத் தீவில் இருப்பதைவிடப் பழமையானது. கீழக்குயில்குடியில் தாமரைக்குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. மேலே பேச்சிப்பள்ளத்திலும், தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. முத்துப்பட்டிப் பக்கம் குகைத்தளத்தில் கற்படுக்கைகளும், அந்தச் சிற்பங்களைவிடப் பழமையான தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகளும் இருக்கின்றன. மதுரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் இவற்றைப் பார்த்ததே இல்லை. பார்க்கப் போகும் பெற்றோரும் கார் கதவைத் திறந்து இறங்கி, அரைமணி நேரத்தில் மீண்டும் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

நான் கேட்பது சாலையை மூட வேண்டும் என்பதன்று. அந்த ஊர்களின் பால்காரரும் விவசாயியும் டிராக்டரும் மினி பஸ்ஸும் எப்போதும்போலச் செல்ல வேண்டும். மலையடிவாரச் சாலைகளில் மோட்டார் வாகனங்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வேக எல்லை விதிக்க வேண்டும். பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி இப்படிக் குறைந்த வேக எல்லையை வகுக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு ஏற்கெனவே இடம் தருகிறது. “சைக்கிள் செல்லும் பாதை, பொறுத்துக் கடக்கவும்” என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகைகள் வைக்க வேண்டும். மணல் சேர்ந்து சறுக்கும் வளைவுகளையும் குழிகளையும் சரிசெய்ய வேண்டும். கீழக்குயில்குடியில் பெண்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை ஒன்று வேண்டும். மில்போர்ட்டில் எங்கள் குழுவிலிருந்த பெண்கள் முதலில் விசாரித்தது அதைத்தான். சைக்கிள் வாடகைக் கடையை நடத்தும் உரிமையை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தந்தால், வருமானம் ஊருக்குள்ளேயே நிற்கும். தொடக்கமாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி முதல் எட்டரை மணி வரை போக்குவரத்துக் காவலர்களையும் தன்னார்வலர்களையும் வளைவுகளில் நிறுத்தி நடத்திப் பார்க்கலாம்.

மதுரை வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி தொடங்கினால் மாசி வரைக்கும் காலை எட்டரை மணி வெயில் யாரையும் வாட்டாது. இன்னொரு கேள்வி எனக்கே உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியதன்று. வெளியூர்க் கூட்டம் பெருகினால் குப்பையும் கூச்சலும் பெருகும். பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களில் பெயர் கிறுக்கும் வழக்கமும் நம்மவர்களிடம் இருக்கிறது. ஆகவே ஊர்ப் பெரியவர்களையும் கோயில் பூசாரிகளையும் தொல்லியல் துறையினரையும் உட்காரவைத்துப் பேசாமல் இதைத் தொடங்கக் கூடாது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் பகுதியைப் பாதையிலிருந்து விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பயனாளிகள் ஞாயிற்றுக்கிழமை வரும் என்னைப் போன்றவர்கள் அல்லர். அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் தினந்தோறும் பள்ளிக்குப் போகும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஊர்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். வண்டியைக் கொடுத்த அரசு, அந்த வண்டி ஓடும் சாலையில் லாரியும் காரும் எந்த வேகத்தில் செல்லலாம் என்பதையும் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும். வேக எல்லை என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதன்று என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரயில்வே நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்த மதுரை – போடிநாயக்கனூர் ரயில் 2023 முதல் மீண்டும் முழுத் தொலைவும் ஓடுகிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று மலையை நோக்கிப் போகும் அந்த ரயிலில் ஒரு பெட்டியின் ஓரத்தில் ஐந்தாறு சைக்கிள்கள் நிற்க இடமொதுக்கி, குறைந்த கட்டணத்தில் பயணி தம்முடனேயே கொண்டுசெல்ல அனுமதிக்கலாம். மேலூரிலிருந்து பேருந்தின் மேற்கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்த காலத்தை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மேலே ஏறும் ஏணியோடு அந்த வசதியும் போய்விட்டது.

இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அளிக்க இருக்கிறேன். அதற்கு முன்பாகக் கீழக்குயில்குடி, முத்துப்பட்டி, வடிவேல்கரை ஊர்களைச் சேர்ந்த வாசகர்கள் இதில் தங்களுக்குள்ள சம்மதத்தையோ எதிர்ப்பையோ தங்கள் நாளிதழுக்கு எழுதினால், அவற்றையும் மனுவோடு இணைத்துக்கொள்வேன். எந்த வளைவில் விபத்து நடக்கிறது, எந்த நேரத்தில் எந்தச் சாலையில் லாரிகள் வருகின்றன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி எது என்பனவெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவற்றை வெளியிட்டு உதவுமாறு ஆசிரியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்ட நாள் வாசகர்,
ஹார்விபட்டி, மதுரை.